தண்ணீர் குடிக்கும் துணியும் குடிக்காத துணியும்

ஒரு துணி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். நாலைந்து முறை துவைத்த பருத்தி வேட்டியின் மேல் விட்டால், சொட்டு உடனே பரவி நூலுக்குள் இறங்கிவிடும். பாலியஸ்டர் சேலையின் மேல் விட்டால் கொஞ்ச நேரம் திரண்டு நிற்கும். பிறகு இழைகளின் இடுக்கு வழியாக வழிந்து போகுமே தவிர, இழைக்குள் போகாது. உடுத்தினால் புழுங்குமா, துவைத்தால் சுருங்குமா, எவ்வளவு நேரத்தில் காயும், ஏன் வாடை அடிக்கிறது, இஸ்திரிப் பெட்டியை எவ்வளவு சூட்டில் வைக்கலாம் என்று துணியைப் பற்றி வீட்டில் எழும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு இதிலிருந்தே விடை தேடத் தொடங்கலாம்.

இயற்கைத் துணி நல்லது, செயற்கைத் துணி கெட்டது என்று சொல்லி முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டுக்கும் தனித்தனி வேலை உண்டு. ஒன்றின் வேலையை மற்றொன்றின் தலையில் கட்டும்போதுதான் தொல்லை வருகிறது. நம் ஊர் வெயிலில் அந்தத் தொல்லை இன்னும் நன்றாகத் தெரியும்.

பருத்தி, லினன், சணல் மூன்றும் செடியிலிருந்து வருபவை. அவற்றின் இழை செல்லுலோஸால் ஆனது. செல்லுலோஸின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியில் தண்ணீரை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும் இடங்கள் நிறைய உண்டு. பட்டும் கம்பளியும் புரதம். அவற்றிலும் அப்படிப்பட்ட இடங்கள் ஏராளம். பாலியஸ்டர், நைலான், அக்ரிலிக், பாலிப்ரொப்பிலீன் ஆகியவை பெட்ரோலியத்திலிருந்து வரும் பொருள்களைக் கொண்டு ஆலையில் செய்யப்படுபவை. அவற்றில் நைலான் ஓரளவு ஈரம் ஏற்கும். பாலியஸ்டர் அநேகமாக ஏற்காது. பாலிப்ரொப்பிலீன் சுத்தமாக ஏற்காது. சோதனைச்சாலையில் 65 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றில் வைத்து அளந்தால், 100 கிராம் உலர்ந்த பருத்தி ஏறக்குறைய 8 கிராம் தண்ணீரைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பட்டு 11 கிராம், கம்பளி 16 கிராம் வரை எடுக்கும். நைலானுக்கு 4 கிராம். பாலியஸ்டருக்கு அரை கிராம்கூட இல்லை.

நாம் தண்ணீர் வாங்கிக் குடிக்கும் பாட்டிலும் பாலியஸ்டர் சட்டையும் ஒரே பொருள்தான் என்பது பலருக்கும் வியப்பளிக்கும். அந்தப் பிளாஸ்டிக் சில்லுகளை 260 டிகிரி செல்சியசுக்கு மேல் உருக்கி, நுண்துளைகள் கொண்ட தட்டின் வழியே அழுத்தி, வெளியே வரும் இழைகளை இழுத்து நீட்டினால் பாலியஸ்டர் நூல் கிடைத்துவிடும். இதைக் கண்டுபிடித்தவர்கள் இங்கிலாந்தைச் சேர்ந்த வின்ஃபீல்டும் டிக்சனும், ஆண்டு 1941. அதற்கு முன்பே, 1935-இல், அமெரிக்காவின் டுபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோத்தர்ஸ் நைலானைக் கண்டுபிடித்திருந்தார். பாலியஸ்டர் டெரிலின் என்ற பெயரில் நம் ஊருக்கு வந்தபோது, ஒரு டெரிலின் சட்டை வைத்திருப்பதே பெருமையாக இருந்தது. இரவில் துவைத்துக் கொடியில் போட்டால் காலையில் காய்ந்திருக்கும், இஸ்திரியும் வேண்டாம். இரண்டே சட்டை வைத்துக்கொண்டு வேலைக்குப் போனவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை இன்று குறைத்துப் பேசக் கூடாது. இன்று உலகில் ஆண்டுதோறும் உற்பத்தியாகும் இழைகளில் பாதிக்கு மேல் பாலியஸ்டர்தான். பருத்தியின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று.

வெயிலுக்கு வருவோம். வேர்வை ஆவியாகும்போது தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. உடல் குளிர்வது இப்படித்தான். மெல்லிய பருத்தித் துணி அந்த ஈரத்தைத் தனக்குள் வாங்கிக் காற்றில் விடுகிறது. அடர்த்தியாக நெய்த பாலியஸ்டரோ வாங்காது. ஈரம் தோலுக்கும் துணிக்கும் நடுவில் தேங்கி, பிசுபிசுப்பும் வேர்க்குருவும் வரும். நாள் முழுக்க உடம்போடு இருக்கும் உள்ளாடை, பனியன், வீட்டில் உடுத்தும் நைட்டி, லுங்கி, குழந்தையின் சட்டை, படுக்கை விரிப்பு இவையெல்லாம் பருத்தியாக இருக்கட்டும் என்பது என் உறுதியான கருத்து. பிறந்த குழந்தையைப் பழைய வேட்டியில் சுற்றுவதும், பழைய நூல் சேலையில் தூளி கட்டுவதும் வெறும் சிக்கனம் அல்ல. பலமுறை துவைத்த பருத்தியில் கஞ்சியும் ஆலையில் ஏற்றிய பூச்சுகளும் போயிருக்கும், முறுக்கு தளர்ந்து துணி மெத்தென்று ஆகியிருக்கும். பச்சைத் தோலுக்கு அதைவிட ஏற்ற துணி கடையில் கிடைப்பது அரிது.

விளையாட்டு வீரர்கள் ஏன் பாலியஸ்டர் ஜெர்சி போடுகிறார்கள் என்று கேட்கலாம். அந்தத் துணியின் பின்னலும் இழையின் வடிவமும் வேறு. வேர்வையை இழை குடிக்காது; ஆனால் இழைகளுக்கு நடுவிலுள்ள நுண்ணிய வழிகளில் அது பரவித் துணியின் வெளிப்புறத்துக்கு வந்து காயும். ஒரு மணி நேரம் ஓடுகிறவருக்குப் பருத்தி நனைந்து கனத்து உடம்பில் ஒட்டும், ஜெர்சி ஒட்டாது. அதையே புழுக்கமான நாளில் காலை முதல் மாலை வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்த நன்மை பெரிதாகத் தெரியாது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது வேர்வை ஆவியாக இடமில்லை. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் இருப்பவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும்.

நெசவின் பங்கையும் மறக்கக் கூடாது. தடித்த பருத்தி ஜீன்ஸ், மெல்லிய பாலியஸ்டர் சட்டையைவிட அதிகம் புழுங்கும். பருத்தி நூல் எவ்வளவு மெல்லியது என்பதை நம்பரால் சொல்வார்கள். ஒரு பவுண்டு எடை நூலில் 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை தேறும் என்பதே அந்த நம்பர். ஆக, நம்பர் கூடக்கூட நூல் மெல்லியது. பவானி ஜமக்காளத்துக்குக் குறைந்த நம்பரில் தடித்த நூல் வேண்டும். 40-ஆம் நம்பரில் நெய்த வேட்டி உழைக்கும். 80, 100 நம்பர் வேட்டி மெல்லியதாக, கோடைக்கு இதமாக இருக்கும், விலையும் கூடும். வேட்டி வாங்கும்போது கரையின் அழகைப் பார்ப்பதோடு நம்பரையும் கேளுங்கள். கடைக்காரர் சொல்வார்.

கடையில் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ஜார்ஜெட், ஷிஃபான், கிரேப், சாட்டின் என்பவை இழையின் பெயர்கள் அல்ல. நூலை முறுக்கும் விதத்தையும் நெய்யும் விதத்தையும் குறிக்கும் பெயர்கள். முன்பு இவை பட்டில் நெய்யப்பட்டன. இன்று குறைந்த விலையில் கிடைக்கும் ஜார்ஜெட்டும் சாட்டினும் பெரும்பாலும் பாலியஸ்டர். 'ஆர்ட் சில்க்' என்று எழுதியிருந்தால் அது செயற்கைப் பட்டு. கலைநயமுள்ள பட்டு என்று எண்ணிவிடாதீர்கள். 'சாஃப்ட் சில்க்', 'காட்டன் சில்க்' என்ற பெயர்களில் அசல் பட்டும் உண்டு, பட்டே கலக்காததும் உண்டு. விலைச்சீட்டோடு தொங்கும் சேர்மானச் சீட்டைப் படிக்காமல் பெயரை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். பட்டு என்றால் மத்தியப் பட்டு வாரியம் 2004-இல் கொண்டுவந்த சில்க் மார்க் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

ரேயானை எந்தப் பக்கம் சேர்ப்பது? அதன் மூலப்பொருள் மரக்கூழ், ஆகவே அதுவும் செல்லுலோஸ்தான். ஆனால் காஸ்டிக் சோடாவும் கார்பன் டைசல்ஃபைடும் கொண்டு கரைத்து மீண்டும் இழையாக்குகிறார்கள். விஸ்கோஸ் என்று சீட்டில் இருப்பதும் இதுவே. பருத்தியைவிட அதிக ஈரம் குடிக்கும், பட்டுப்போல் துவண்டு விழும், வெயிலுக்குச் சுகம். குர்திகளில் ரேயான் இவ்வளவு பரவியதற்குக் காரணம் இவைதான். ஒரே ஒரு குறை: நனைந்தால் வலுவிழக்கும். பருத்தி நேர்மாறு, நனைந்த பருத்தி இழை உலர்ந்ததைவிட வலுவானது. நம் வீடுகளில் துவைகல்லில் ஓங்கி அடித்துத் துவைத்தும் நூல் சேலைகள் ஆண்டுக்கணக்கில் உழைத்தது அதனால்தான். ரேயான் குர்தியை அதே கல்லில் அடித்தால் சில மாதங்களில் நைந்துவிடும். முறுக்கிப் பிழியவும் கூடாது. கையால் அமுக்கித் தண்ணீரை வடியவிட்டு நிழலில் போடுவதே சரி.

பருத்தி முதல் துவைப்பில் சுருங்குவது இழையின் குற்றம் அல்ல. தறியிலும் ஆலையிலும் பாவும் ஊடையும் விறைப்பாக இழுபட்டு இருக்கின்றன. தண்ணீர் பட்டதும் இழை பருத்து, இழுபட்டிருந்தது தளர்ந்து பழைய நீளத்துக்குத் திரும்புகிறது. தையல்காரர் 'துணியை நனைச்சுக் காயப்போட்டு எடுத்துட்டு வாங்கக்கா' என்று சொல்வதை அலட்சியம் செய்யாதீர்கள். ரவிக்கைத் துணிக்கு மட்டுமல்ல, உள்ளே கொடுக்கும் லைனிங்குக்கும், சேலைக்குத் தைக்கும் ஃபால்சுக்கும் அது பொருந்தும். லைனிங்கை நனைக்காமல் தைத்தால், முதல் துவைப்பில் உள்துணி சுருங்கி மேல்துணி சுருக்கம் சுருக்கமாக நிற்கும்.

பாலியஸ்டர் சட்டை துவைத்த பிறகும் அக்குளில் ஒரு வாடை தங்கிவிடுகிறது என்று பலர் சொல்வார்கள். அது வெறும் எண்ணம் அல்ல. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 26 பேரை உடற்பயிற்சி செய்யவைத்து, அவர்களின் சட்டைகளை ஒப்பிட்டு 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பருத்தியைவிடப் பாலியஸ்டரில் வாடை மிகுதி என்று கண்டார்கள். வாடை உண்டாக்கும் ஒருவகை பாக்டீரியா பாலியஸ்டரில் நன்றாகப் பெருகியது. பாலியஸ்டர் தண்ணீரை விரும்பாது, எண்ணெயை விரும்பும். உடலின் எண்ணெய்ப் பசை அதில் பிடித்துக்கொண்டு எளிதில் போகாது. கழற்றியதும் கூடையில் அமுக்கி வைக்காமல் காற்றாட உலரவிட்டு, அக்குள் பகுதியில் சோப்புப் போட்டுச் சற்று ஊறவைத்துத் துவைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

பட்டைக் கையாள ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: பட்டும் நம் தலைமுடியும் புரதமே. முடிக்கு எது ஆகாதோ அது பட்டுக்கும் ஆகாது. சலவைச் சோடா, பிளீச்சிங் பவுடர், வெந்நீர், உச்சிவெயில் நான்கும் பட்டுக்குப் பகை. வேர்வையும் பகைதான். முகூர்த்தம் முடிந்து வந்து பட்டுப்புடவையை அப்படியே மடித்துப் பீரோவில் வைத்தால், வேர்வை பட்ட இடம் நிறம் மாறி இற்றுப்போகும். ஒரு இரவு நிழலில் காற்றாடவிட்டு, மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஜரிகை மடிப்பிலேயே ஒடியும். பூந்திக்கொட்டைக் கரைசலில் அலசும் பழைய வழக்கத்துக்கு நல்ல காரணம் உண்டு, அதில் சோடாவின் காரம் இல்லை. புழு நெய்த ஒரு கூட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீள இழை கிடைக்கும். அதன் எடையில் கால் பங்கு பசை, காய்ச்சி நீக்கும்போது போய்விடும். இவ்வளவு பாடுபட்டு வந்த துணி இரண்டு தலைமுறைக்கு இருக்க வேண்டும்.

கம்பளியும் புரதம்தான், அதே கவனம் வேண்டும். கம்பளி என்று கேட்டு வாங்கும் ஸ்வெட்டர்களில் பல அக்ரிலிக். அதில் தவறில்லை, நம் குளிருக்கு அக்ரிலிக் போதும், மெஷினிலும் போடலாம். கம்பளியின் விலையை அதற்குக் கொடுத்துவிடக் கூடாது, அவ்வளவே.

தண்ணீர் குடிக்காத குணமே வரமாகும் இடங்களுக்குக் கடற்கரையில் நல்ல சான்று உண்டு. நைலான் வருவதற்கு முன் மீன் வலைகள் பருத்தி நூலில் இருந்தன. உப்புநீரில் ஊறிய வலையை ஒவ்வொரு முறையும் கரையில் விரித்து உலர்த்த வேண்டும். மக்காமல் இருக்க மரப்பட்டைச் சாற்றில் ஊறவைக்கவும் வேண்டும். நைலான் வலை மக்காது, எடை குறைவு, வலு அதிகம். அந்த உழைப்பு முழுவதும் மிச்சமானது. தங்கூசி வலை என்று மீனவர் சொல்வதும் நைலானில் இழுத்த ஒற்றை இழைதான். நைலான் தண்ணீரைவிடச் சற்றுக் கனம், அதனால் மூழ்கும். பாலிப்ரொப்பிலீன் கயிறு தண்ணீரைவிட இலேசு, அதனால் மிதக்கும். எது எங்கே வேண்டும் என்று மீனவருக்குத் தெரியும். மக்காத அதே குணத்தால், கடலில் அறுந்து தொலைந்த நைலான் வலை ஆண்டுக்கணக்கில் மீன்களையும் ஆமைகளையும் சிக்கவைத்துக் கொன்றுகொண்டே இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

குடை, மழைக்கோட்டு, பள்ளிப் பை, கூடாரம் எல்லாம் நைலானிலோ பாலியஸ்டரிலோ இருப்பதுதான் சரி. மருத்துவமனையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்கின்றன. காயத்தில் வைக்கும் காஸ் துணி இரத்தத்தை உறிஞ்ச வேண்டும், அது பருத்தி. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறிகள் இந்தக் காஸையும் பேண்டேஜ் துணியையும்தான் நெய்கின்றன. மருத்துவர் அணியும் முகக்கவசம் ஈரத்தை உள்ளே விடக் கூடாது, அது பாலிப்ரொப்பிலீன்.

அந்தப் பாலிப்ரொப்பிலீன்தான், நெய்யாமல் சூட்டில் அழுத்தி ஒட்டிய வடிவில், கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுக்கும் 'துணிப்பை'யாகவும் வருகிறது. அது துணி அல்ல, பிளாஸ்டிக். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பாவும் ஊடையும் தெரியாது, புள்ளி புள்ளியாக அழுத்திய தடம்தான் தெரியும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இதுவும் இருந்தது. காடாத் துணியில் தைத்த மஞ்சப்பை நூறுமுறை துவைத்தாலும் உழைக்கும், கிழிந்தால் மண்ணில் மக்கும். பை கொடுக்க நினைப்பவர்கள் அதையே கொடுக்கலாம்.

மண்ணையும் ஆற்றையும் பற்றிப் பேசினால் பருத்திக்கும் பொறுப்பு உண்டு. பருத்திக்குச் சாயம் ஏற்ற ஏராளமான தண்ணீரும் உப்பும் வேண்டும். திருப்பூரின் சாயக்கழிவு நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணை நீரும் சுற்றியுள்ள வயல்களும் பாழானது நாம் கண்ணால் பார்த்த கொடுமை. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு மாறும்வரை சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டது. பாலியஸ்டரின் கேடு வேறு வகை. துவைக்கும்போதெல்லாம் நுண்ணிய இழைத்துகள்கள் உதிர்ந்து சாக்கடை வழியாக ஆற்றுக்கும் கடலுக்கும் போகின்றன. ஒரே உடுப்பு ஒரு சலவையில் 1,900-க்கு மேற்பட்ட இழைகளை உதிர்க்கக்கூடும் என்று 2011-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. இவை மக்குவதில்லை. குளிர்ந்த நீரில், மெஷின் நிறையப் போட்டு, குறைந்த நேரம் சுழலவிட்டால் உதிர்வது குறையும். எந்தத் துணியானாலும் குறைவாக வாங்கி நெடுநாள் உடுத்துவதைவிட ஆற்றுக்குச் செய்யும் பெரிய உதவி எனக்குத் தெரியவில்லை.

இரண்டையும் கலந்து நெய்வது இடைவழி. டெரிகாட்டனில் வழக்கமாக மூன்றில் இரண்டு பங்கு பாலியஸ்டர், மீதி பருத்தி. கசங்காது, சீக்கிரம் காயும், பாலியஸ்டர் அளவுக்குப் புழுங்காது. சீருடைக்கு ஏற்றது. லெக்கின்சில் பருத்தியோடு ஐந்து விழுக்காடு அளவுக்கு ஸ்பான்டெக்ஸ் கலந்திருக்கும். அந்தச் சிறு அளவே இழுபடும் தன்மையைத் தருகிறது. ஸ்பான்டெக்ஸ் சூட்டில் கெடும், எனவே வெந்நீரில் துவைக்காதீர்கள், சூடான இஸ்திரியும் வேண்டாம்.

இஸ்திரியிலும் தண்ணீர்தான் பேசுகிறது. பருத்தியில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் இழைக்குள் இருக்கும் பிணைப்புகள் ஈரத்திலும் சூட்டிலும் விடுபட்டு, நேராக்கிய நிலையில் மறுபடி பிணைகின்றன. பாலியஸ்டர் சூட்டில் இளகிப் படியும். ஆலையில் அதிக சூட்டில் வைத்த மடிப்பு துவைத்தாலும் போகாது, பாவாடை மடிப்புகள் நிலைத்து நிற்பது இதனால்தான். துணியின் உள்பட்டையில் இஸ்திரிப் பெட்டியின் படத்துக்குள் புள்ளிகள் இருக்கும். ஒரு புள்ளி என்றால் 110 டிகிரி, இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும்.

சூட்டைப் பற்றிச் சொல்லும்போது தீயைப் பற்றியும் சொல்ல வேண்டும், இந்தக் கட்டுரையில் முக்கியமானது இதுதான். ஒரு நூலை உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினால், பருத்தி காகிதம் எரியும் வாடையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு, முடி கருகும் வாடையோடு கருகி, விரலில் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டரும் நைலானும் சுருண்டு உருகிச் சொட்டி, ஆறியதும் கெட்டியான மணியாகும். அந்த உருகிய சொட்டு தோலில் விழுந்தால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். பருத்தியும் தீப்பிடிக்கும், தளர்வாகத் தொங்கினால் வேகமாகவே எரியும். ஆனால் உருகி ஒட்டாது. கலப்புத் துணியில் பருத்தி எரிந்துகொண்டே இருக்க, பாலியஸ்டர் அதிலேயே உருகுவதால் ஆபத்து குறைந்துவிடுவதில்லை. அடுப்படியில் வேலை செய்யும்போது முந்தானையை இழுத்துச் செருகிய பருத்திச் சேலையோ, கை தொங்காத பருத்தி உடுப்போ உடுத்துங்கள். தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குப் பளபளக்கும் பாவாடையும் கவுனும் எடுத்திருந்தாலும், பட்டாசு கொளுத்தும் நேரத்தில் அவற்றைக் கழற்றிவிட்டு உடம்போடு ஒட்டிய பருத்தி உடுப்பைப் போட்டுவிடுங்கள். தப்பித்தவறித் தீப்பட்டால், சுட்ட இடத்தில் 20 நிமிடம் ஓடும் தண்ணீரை விடுங்கள். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்காமல் அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.